சென்றாயன் சாத்திய கதவு

ஜெர்மனியோடு வெள்ளைக்காரனுக்கு இரண்டாவது சண்டை மூண்டதற்கு மறு வருஷம். கீழ்நாட்டில் எங்கே போனாலும் அதைப் பற்றித்தான் பேச்சாம். மலைமேல், வாழவந்தி நாடு என்ற மலைப்பகுதியில், பன்னிரண்டு வீடு இருந்த ஒரு சிற்றூரில் மட்டும் பேச்சு வேறாக இருந்தது. சென்றாயன் தன் வீட்டுக்குப் பலகைக் கதவு போடப் போகிறான் என்பதுதான் அங்கே பெரிய செய்தி.

அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் மூங்கில் தட்டிதான் கதவு. இழுத்துச் சாத்தி ஒரு கொம்பை முட்டுக் கொடுத்துவிட்டால் நாயும் ஆடும் நுழையாது. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. சென்றாயனுக்குத் தேவைப்பட்டது. முப்பத்தைந்து வயது ஆள், நல்ல உழைப்பாளி. மேட்டுக்காட்டில் சாமையும் ராகியும், ஓடையோரம் ஒரு துண்டு நெல்வயல், நான்கு பலாமரம் வைத்திருந்தான். அவனிடம் இருந்த ஒரே கோணல், ஒரு வேலையை முடித்தால் அதை நாலு பேரிடம் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியாது. கொத்திய காட்டையும் கட்டிய வரப்பையும் வழியில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுவான். ஊரார் பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவில் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஆவணியில் மகளுக்குக் காது குத்த நாள் வைத்திருந்தார்கள். மனைவி பொன்னாயி அதே மலையில் வளப்பூர் நாட்டுக்காரி. அவள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள். வீடோ பழைய வீடு. கூரைப்புல் மக்கிப்போய் நான்கு இடத்தில் ஒழுகியது. பின்சுவர் மழையில் ஊறி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மகளை அம்மாயி வீட்டில், பொன்னாயியின் அம்மாவிடம், கொண்டுபோய் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வீட்டு வேலையில் இறங்கினார்கள்.

முதலில் கதவு. வீட்டுக்கு மேற்கே நின்ற முதிர்ந்த பலாமரத்தைத் தை மாதமே வெட்டிச் சாய்த்திருந்தான். அடிவாரத்திலிருந்து சின்னுசாமி ஆசாரி மேலேறி வந்து ஐந்து நாள் தங்கிப் பலகை அறுத்து, நிலை செய்து, கதவை மாட்டிக் கொடுத்தார். வெளிப்பக்கம் பூட்டிப் போக இரும்புச் சங்கிலியும் கொக்கியும் அடித்தார். உள்பக்கத் தாழ்ப்பாளுக்கு இரும்பு போதவில்லை. அடுத்த நடை வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லி இறங்கிப் போனார். மஞ்சள் மரம், வழவழவென்று இழைத்த பலகை. சென்றாயன் ஒரு வாரம் அந்தக் கதவைத் திறந்து திறந்து சாத்தினான்.

பிறகு கூரை. கூரையைத் தாங்கும் கைமரத்துக்குத் தடித்த மூங்கிலாகப் பார்த்து வெட்டிவந்தான். கூரை வேய ஊரே வந்து கை கொடுத்தது. பொன்னாயியின் தம்பி அண்ணாமலையும் வளப்பூர் நாட்டிலிருந்து வந்திருந்தான். மேற்குப் பக்கத்து இறவாரத்தில் மூங்கில்களின் நுனி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு, உள்கூடு வாயைத் திறந்தபடி இருப்பதைப் பார்த்து, களிமண் வைத்து அடைத்துவிடலாம், இல்லாவிட்டால் வண்டு குடியேறும் என்று அவன் சொன்னான். அதுவரை எல்லாரையும்விட ஒரு வேலை அதிகம் தெரிந்தவனாக இருந்த சென்றாயனுக்கு, மச்சினன் வாயிலிருந்து அது வந்தது பிடிக்கவில்லை. உங்க ஊட்டு மூங்கிலுக்கு நீ அடைச்சுக்கோ, எம் மூங்கில் முத்துன மூங்கில், வண்டு பல்லு ஒடஞ்சு போகும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாமலையும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

மிச்சமிருந்தது மேற்குப் பக்கத்துப் பின்சுவர். கூரைப் பாரம் மரக்கால்களில் நின்றதால், பழையதை இடித்துவிட்டுப் புதிதாக மண் வைத்து ஏற்றினார்கள். ஒரு ஆள் உயரம் வந்ததும், காயட்டும் என்று நிறுத்தினார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளி திறந்தே கிடந்தது. அந்த இடைவெளிக்கு நேராக உள்ளே பரண். பரண்மேல் பழுக்க வைத்த பலாப்பழம் எட்டோ பத்தோ அடுக்கியிருந்தது. வாசனை ஓடைவரை போகும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் பலாப்பழ வாசனைக்குக் கரடி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் முத்தன் என்பவனைத் தோப்புக்குள் மடக்கி, தோளையும் மூஞ்சியையும் கிழித்துவிட்டது. அவனைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனதைச் சென்றாயன் கண்ணால் பார்த்தான். ஒரு பக்கத்து மூஞ்சி முழுக்கத் துணி சுற்றியிருந்தது. அதன் பிறகு வீட்டில் அவன் கரடிப் பேச்சை எடுப்பதே இல்லை.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், உச்சிப் பொழுது. அன்று ஊர்க்கவுண்டர் செங்கோடனின் சாமைக்காட்டில் களையெடுப்பு. ஊரே அங்கே இருந்தது. அக்கா வீட்டுப் பங்குக்கு முறைவேலை செய்ய வந்திருந்த அண்ணாமலையும் அங்கேதான். வீட்டில் சென்றாயனும் பொன்னாயியும் மட்டும். அவள் உள்தடுப்புச் சுவரோரம் குந்தி, செம்மண்ணைக் குழைத்துக் கையால் பூசிக்கொண்டிருந்தாள். அவன் வாசல் பக்கத்தில் நின்று கதவுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

பரணுக்கு மேலிருந்து வந்தது. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒன்று. அப்புறம் வாயை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ம்ம்ம் என்று நீளமான ஒரு முனகல். அது அடங்குவதற்குள் இன்னொன்று, அதைவிடக் கட்டையாக. பழத்தை அணைத்துவைத்துச் சப்பும் கரடி இப்படித்தான் முனகும் என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். பரண்மேல் ஏதோ சரசரத்தது.

பொன்னாயி தலையைத் தூக்கினாள். பரணைப் பார்த்தாள், பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்தன. ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

அடுத்த நொடி சென்றாயன் வெளியே இருந்தான். கதவை இழுத்தான், படாரென்று சாத்தினான், சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினான். மாட்டியதும் ஓடினான்.

சாமைக்காடு கூப்பிடு தூரம்தான். அவன் ஓடிவந்த வேகத்தில் வேட்டி ஒரு வேலியில் மாட்டிக் கிழிந்தது. ஊட்டுக்குள்ள கரடி, ஊட்டுக்குள்ள கரடி என்று மட்டும் வந்தது வாயில். களையெடுத்தவர்கள் எழுந்து நின்றார்கள். பெண்கள் ஒன்றாய்க் கூடினார்கள். செங்கோடக் கவுண்டர் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எத்தனை பெரிசு என்று கேட்டார்.

அவன் கரடியைப் பார்க்கவே இல்லை. ஆனால் எல்லார் கண்ணும் தன்மேல் இருந்தபோது, பார்க்கவில்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. நல்ல எருது ஒசரம் இருக்கும் என்றான். நெஞ்சில் வெள்ளைக் கோடு தெரிந்தது என்றான். பின்சுவர் இடைவெளியில் ஏறி வந்திருக்கிறது, பரணில் உட்கார்ந்து பழம் தின்கிறது என்றான்.

"தப்பிச்சு ஓடாம கதவைச் சாத்திட்டு வந்தியே, அது புத்தி" என்றார் கவுண்டர். "வேற ஒருத்தனா இருந்தா கைகால் ஆடிப்போயிருக்கும்."

நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். சென்றாயன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலின் நடுவில்தான் அவனுக்கு உறைத்தது. உறைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கொக்கியில் சங்கிலி விழுந்த சத்தம் காதில் இருந்துகொண்டேதான் இருந்தது. இப்போது அதற்குப் பொருள் வந்தது.

ராசம்மாள் என்று பக்கத்து வீட்டுக்காரி, களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "பொன்னாயி எங்கீங்க?"

சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கிறாள், ஓடி வாருங்கள் என்று ஒரு வார்த்தை. அண்ணாமலை எதிரில் நின்றுகொண்டிருந்தான். கவுண்டர் பாராட்டிய வார்த்தை இன்னும் ஆறவில்லை.

"ஓடைக்குத் தண்ணிக்குப் போயிருக்குது" என்றான் சென்றாயன்.

ஆண்கள் பதினைந்து பேர் கிளம்பினார்கள். ஈட்டி, கடப்பாரை, அரிவாள், தடி. கவுண்டர் வீட்டுக்குப் போய்த் தம் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை எடுத்துவந்தார். அந்த வழி அவ்வளவு நீளம் என்று சென்றாயனுக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும், இங்கே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் எவனாவது ஏதாவது கேட்டான், இவன் அதற்குப் பதில் சொன்னான். பின்னால் பெண்களும் வந்தார்கள். ராசம்மாள் ஓடைப் பக்கம் திரும்பி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். ஓடைப் பக்கமிருந்து பதில் இல்லை. உள்ளே ஒருத்தியைக் கரடி என்ன செய்திருக்கும் என்ற நினைப்பும், அவளை நான் விட்டு வந்தேன் என்று ஊருக்குத் தெரிந்துபோகுமே என்ற நினைப்பும் அவனுக்குள் முட்டிமோதின. எது பெரிதாக இருந்தது என்பதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவன் முகத்தைக் கையால் துடைத்துக்கொள்வான்.

வீட்டு வாசலில் வந்து வளைத்து நின்றார்கள். உள்ளே அரவமே இல்லை. சங்கிலி மாட்டியது மாட்டியபடி தொங்கியது. பிறகு மேற்கேயிருந்து காற்று ஒரு வீச்சு வந்தது. கூடவே கூரைக்கடியிலிருந்து அந்த முனகல். வந்தவர்களில் பாதிப்பேர் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

மிளகாய் வற்றலைப் போட்டுப் புகை போடலாம், மூச்சு முட்டி அதுவே பின்பக்கம் குதிக்கும் என்றான் ஒருவன். வைக்கோலும் வற்றலும் வந்துவிட்டன. சென்றாயன் குறுக்கே போய் நின்றான். புதுக் கூரை, தீப்பிடித்துவிடும் என்றான். சரி, பின்சுவர் இடைவெளி வழியாகப் பரணைப் பார்த்துச் சுடுகிறேன் என்று கவுண்டர் துப்பாக்கியைத் தூக்கினார். சென்றாயன் குழலைக் கையால் பிடித்தான்.

"என்னடா சென்றாயா? கரடியையும் கொல்ல வேண்டாங்கிற, ஊட்டையும் தொடக் கூடாதுங்கிற?"

அவன் உதடு அசைந்தது. அவன் இடத்தில் வேறொரு குரல் வந்தது, கதவுக்குப் பின்னாலிருந்து.

"யாருங்க வெளியில? இந்தச் சங்கிலிய எடுத்துவிடுங்க. குழைச்ச மண்ணு காயுது, தண்ணி எடுக்கோணும்."

யாரும் அசையவில்லை. கடைசியில் அண்ணாமலைதான் போய்ச் சங்கிலியை எடுத்தான். பொன்னாயி வாசற்படியில் வந்து நின்றாள். முழங்கைவரை செம்மண். தலையில் ஒட்டடை. ஒரு கையில் உலக்கை. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

கரடி எங்கே என்று கவுண்டர் கேட்டார்.

கரடி இல்லீங்க, காத்து என்றாள் அவள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். முதலில் அவளும் பயந்து தடுப்புக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தாள். ஒன்றும் இறங்கி வரவில்லை. காற்று நின்றால் சத்தமும் நின்றது, வீசினால் வந்தது. உலக்கையை எடுத்துக்கொண்டு பரணில் ஏறிப் பார்த்தாள். ஒரு பெருச்சாளி பழத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது, அவளைப் பார்த்ததும் ஓடிவிட்டது. முனகல் மட்டும் இறவாரத்திலிருந்து வந்தது. இடைவெளியில் கையை விட்டு, வாய் திறந்திருந்த மூங்கில் ஒன்றில் ஒரு பிடி மண்ணை அப்பினாள். அந்தக் குரல் நின்றது. இன்னும் மூன்று மூங்கில் பாக்கி.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று வந்தது. பாக்கி மூன்றும் ம்ம்ம் என்றன. கவுண்டர் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, குனிந்து சிரித்தார். அடுத்து ஊரே சிரித்தது. மேற்கே நின்ற பலாமரம் இருந்தவரை அந்தப் பக்கத்துக் காற்று வீட்டைத் தொட்டதில்லை. இப்போது ஆடிக் காற்று தொடங்கிவிட்டது, மரமோ இல்லை, அதுதான் கதவாகிவிட்டதே. எருது ஒசரம், நெஞ்சில் வெள்ளைக் கோடு என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் மூங்கிலைக் காட்டி, அதோ கோடு என்றான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சிரிக்காமல் நின்றவன் அண்ணாமலை ஒருவன்தான். அவன் கையில் சங்கிலி இன்னும் இருந்தது.

"அக்கா தண்ணிக்குப் போயிருக்குதுன்னு சொன்னீங்களே மாமா" என்றான்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. சென்றாயன் வேலியில் கிழிந்த தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உடம்பு முழுக்க எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஒரு முறை ஓடியவனுக்கு அந்த வழியும் இல்லை.

"நாந்தான் தண்ணிக்குப் போறேன், போறேன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள் பொன்னாயி. "போயிட்டேன்னு நெனச்சுட்டாரு. உள்ள இருட்டு, நான் மூலையில குந்தியிருந்தேன். பாவம், அவுருக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் புகுந்து ஓடைக்குப் போனாள். கவுண்டர் தொண்டையைக் கனைத்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்ததற்குப் பழமாவது அறுத்துப் போடு என்றார். சென்றாயன் பரணிலிருந்து மூன்று பழம் இறக்கி அறுத்தான். எல்லாரும் தின்றார்கள். மறுபடி சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு மூங்கக்கரடி என்று பேர் ஒட்டிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கூடச் சேர்ந்து சிரித்தான். கோயில் நோம்பியில் கவுண்டர் அந்தக் கதையை அவிழ்த்தபோது, எருது ஒசரம் என்ற இடத்தை அவனே எடுத்துச் சொல்லி இன்னும் சிரிக்கவைத்தான். கரடிக் கதையைச் சிரிக்கச் சிரிக்க, சங்கிலிக் கதை அடியில் போய்விடும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. பொன்னாயி அந்த இடத்தில் மட்டும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், காட்டுக்கு வந்தாள், காதுகுத்துக்கு வந்த தன் ஆட்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். வந்தவர்கள் கதவைத் தடவிப் பார்த்துப் பேசினார்கள். முன்பென்றால் சென்றாயன் ஆசாரி வந்ததிலிருந்து தொடங்கியிருப்பான். அன்று, நல்ல மரமுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எருதுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அண்ணாமலை சடங்குக்கு வந்து, சாப்பிட்டு, அன்றே திரும்பிப் போனான்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். எதையாவது தூக்கி எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. புரட்டாசியில் சாமை அறுப்பு. இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் அறுத்துக்கொண்டு போனபோது, அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

"புள்ள, அன்னைக்கு நீ உள்ள இருக்கறது எனக்குத் தெரியும்."

அவள் அறுத்த பிடியைக் கட்டி ஓரமாக வைத்தாள்.

"தெரியுமுங்க. பாத்துட்டுத்தானே சாத்துனீங்க."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"எந்தம்பி முன்னால உங்களத் தலைகுனிய வெச்சுட்டு, நான் எந்த ஊட்டுல போயிக் குடியிருக்கறது?" அடுத்த பிடியை அறுத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குக் கரடி பயமில்லீங்க அப்ப. உங்க மொகந்தான் பயமா இருந்துச்சு. அத மறக்க முடியல."

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். வெயில் ஏறுது, அறுங்க என்றாள். அறுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் சென்றாயன் கஞ்சி குடித்துவிட்டு வளப்பூர் நாட்டுக்கு நடந்தான். அண்ணாமலை தன் காட்டில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தான். சென்றாயன் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான். உன் அக்கா மறைத்துச் சொன்னாள், நான் பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன், தண்ணிக்குப் போனாள் என்றதும் பொய்.

அண்ணாமலை கட்டுக்கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தான்.

"அன்னைக்கே தெரியுமுங்க மாமா" என்றான். "எனக்கு மட்டுமில்ல. கவுண்டருக்குத் தெரியும், ராசம்மாக்காவுக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும். அக்கா சொல்லுதேன்னுதான் எல்லாரும் உட்டுட்டாங்க."

சென்றாயன் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டான். நோம்பியில் தான் சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. எதிரில் உட்கார்ந்து கேட்டவர்களின் முகம் ஒவ்வொன்றும் வந்தது. தெரிந்துகொண்டே கூடச் சிரித்திருக்கிறார்கள். அண்ணாமலை உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக் குடித்தான். இருங்க மாமா, சாப்பிட்டுப் போலாம் என்று சொல்லியும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது உச்சிப் பொழுது தாண்டிவிட்டது. அன்று ராசம்மாள் காட்டில் அறுப்பு, ஊரே வரிசையாகக் குனிந்திருந்தது. ஒற்றையடிப் பாதையில் அவன் வருவதை எல்லாரும் பார்த்தார்கள். எங்கே போய்விட்டு வருகிறான் என்பதைப் பொன்னாயி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும் அன்று ஒருவரும் மூங்கக்கரடி என்று கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய்விடலாமா என்று வரப்பில் ஒரு கணம் நின்றான். பிறகு இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டில் இறங்கினான். அவன் முகம் எரிந்துகொண்டிருந்தது. ராசம்மாள் ஒரு எட்டு நகர்ந்து, தன் வரிசைக்கும் பொன்னாயி வரிசைக்கும் நடுவில் அவனுக்கு இடம் விட்டாள்.